விடுமுறைப் படிவத்தில் ஒரு நட்சத்திரம்

கேள்வி: நான் ஊவாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். வயது 24. நான்கு வருடங்களுக்கு முன் இராணுவ மகளிர் படையணியில் சேர்ந்தேன். இப்போது லான்ஸ் கோப்ரலாக ஒரு முகாம் அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறேன். அலுவலகத்துக்குப் பொறுப்பான கெப்டனும் நானும் ஒன்றரை வருடமாக ஒருவரையொருவர் விரும்புகிறோம். அவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர், வயது 29. என்னை ஒருநாளும் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. என் விடுமுறைப் படிவத்தில் அவர்தான் கையொப்பமிடுவார். பக்கத்தில் எனக்கு மட்டும் விளங்கும்படி சின்னதாக ஒரு நட்சத்திரம் போடுவார். அப்படியான நான்கு படிவங்களின் பிரதிகளை என் பெட்டியில் வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு எனக்கு ஐந்து நாள் விடுமுறை கிடைத்தது. அதற்குப் பிறகு கூட இருக்கும் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் என்னோடு பேசுவதில்லை. தான் மேஜராகும் வரை யாருக்கும் தெரியக் கூடாது என்றும், எனக்கு நம்பிக்கை வராவிட்டால் இரகசியமாக விவாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றும் அவர் சொல்கிறார். எங்கள் காதல் குற்றமா? நான் வேலையை விட்டுவிட வேண்டுமா? அம்மாவிடம் சொல்லலாமா?

அன்புள்ள மகளுக்கு,

உங்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றி, கடிதத்தின் சுருக்கத்தை மட்டும் மேலே தந்திருக்கிறேன். நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் விட்ட ஒன்று கடிதம் முழுவதும் நிறைந்திருக்கிறது. உங்களை நேசிக்கின்றவரும் உங்கள் விடுமுறைக்குக் கையொப்பமிடுகின்றவரும் ஒரே ஆளாக இருப்பதுதான் அது. இந்தப் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

முதலில், குற்றமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். உங்கள் இருவரைப் போல 18 வயதைக் கடந்த, இனத்தால் வேறுபட்ட இருவர் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மணம் செய்துகொள்வதற்கு இலங்கைச் சட்டத்தில் தடையில்லை. அவர் கண்டியர் என்பதாலும் சிக்கல் வராது. கண்டிய விவாகச் சட்டம் மணமக்கள் இருவருமே கண்டியராக இருக்கும்போதுதான் பொருந்தும். ஆகவே இரண்டு மனிதர்கள் என்ற அளவில் நீங்கள் வெட்கப்பட வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் சீருடை அணிந்த நாளிலிருந்து நீங்கள் இருவரும் 1949ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவர்கள். நல்லொழுங்குக்கும் படைக் கட்டுப்பாட்டுக்கும் ஊறு விளைவிக்கும் நடத்தை அச்சட்டத்தின்படி தண்டனைக்குரியது. மிகவும் அகலமான வாசகம் அது. தன் பொறுப்பிலுள்ள அலுவலகத்தில், தனக்குக் கீழே வேலை செய்யும் பெண்ணோடு ஓர் அதிகாரி மறைவாக உறவு வைத்திருப்பதை அதற்குள் அடக்குவதற்கு ஒரு கட்டளை அதிகாரி அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. உங்கள் படையணியின் நிலையியற் கட்டளைகள் இதைப் பற்றி இன்னும் திட்டமாகச் சொல்லக்கூடும். நீங்கள் எழுத்தர் என்பதால் அந்தக் கோவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். அவர் சொல்வதையும் நான் சொல்வதையும் ஒருபக்கம் வைத்துவிட்டு, முதல் வேலையாக அதை எடுத்து நீங்களே வாசியுங்கள்.

விதி ஏன் இப்படி இருக்கிறது என்பதை நம் இருவருக்கும் பழக்கமான இடத்திலிருந்தே சொல்கிறேன். இராணுவத்தில் சேர்வதற்கு முன்பே நீங்கள் படிநிலைக்குள் பிறந்து வளர்ந்தவர். பெரிய துரை, சின்ன துரை, கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி என்று வரிசை போகும் தோட்டத்தில், காலையில் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் இடத்தை நாம் பிரட்டுக்களம் என்கிறோம். படையினரின் பரேட்தான் நம்மவர் வாயில் பிரட்டானது என்று சொல்வார்கள். அங்கே ஒருவருடைய பேனா இன்னொருவருக்கு அன்றைக்கு முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா, என்று தீர்மானித்துவிடும்.

என் தகப்பனார் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு மாலை அவருக்குத் தேநீர் கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போயிருந்தேன். மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். ஈரத்துக்கும் கூடைப் பாரத்துக்குமாக ஒவ்வொருவருடைய நிறையிலும் சில றாத்தல்களைக் கழிப்பது வழக்கம்; எவ்வளவு கழிப்பது என்பது தராசருகே நிற்பவரின் மதிப்பு. என் அத்தை மகளின் கூடை ஏறியபோது முள் மற்றவர்களுடையதைவிடத் தள்ளி நின்றது. அப்பா நிறையைச் சத்தமாகச் சொல்லி எழுதினார். வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை. பின்னால் நின்ற ஒரு பாட்டி மட்டும், நனைந்த படங்கைப் பிழிந்துகொண்டே, "நம்ம கூடையில தண்ணி, அவ கூடையில கொழுந்து" என்றார்.

அன்று அவள் எடுத்தது உண்மையாகவே அதிகம். அப்பா ஒரு றாத்தலும் கூட்டிப் போடவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் ஐயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளுடைய உழைப்பை நம்புவதற்கு அந்த மலையில் ஆளில்லாமல் போயிற்று. ஒரு மாதத்துக்குள் அவள் வேறு கணக்கப்பிள்ளையின் கீழே மாற்றிக் கேட்டுப் போய்விட்டாள். போனவள் அவள், அப்பா அதே தராசடியில்தான் நின்றார்.

உங்கள் தீபாவளி விடுமுறைக்கும் இதுதான் நடந்திருக்கிறது. ஒரு தமிழ்ப் பிள்ளை தீபாவளிக்கு வீட்டுக்குப் போவது நியாயமானது. வேறு எந்த அதிகாரியும் அதே ஐந்து நாட்களைத் தந்திருக்கலாம். இருந்தும் அதை நியாயம் என்று நிறுவ இப்போது உங்களிடம் எந்த வழியும் இல்லை. நாளைக்கு நீங்கள் சொந்தத் திறமையால் கோப்ரலானாலும், ஒரு பயிற்சிக்குத் தெரிவானாலும், இரவுக் காவல் பட்டியலில் உங்கள் பெயர் ஒருதடவை குறைந்தாலும், அதே பேச்சு வரும். அவர் நேர்மையாக நடக்க எண்ணி உங்களுக்கு மட்டும் கடுமை காட்டினால் அதுவும் அநியாயமே. மேசையில் உங்களோடு பேசாமலிருக்கும் பிள்ளைகளைப் பொறாமைக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தங்களுடைய விடுமுறை எந்த அளவுகோலால் நிறுக்கப்படுகிறது என்று தெரியாமல் போனவர்களின் அமைதி அது.

விடுமுறையும் காவலும் சிறிய விடயங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை, மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்சரிவில் புதைந்தபோது, தோண்டுவதற்கு வந்தவர்களில் பெரும்பாலோர் படையினர். உறவுகளைப் பறிகொடுத்தவர்களோடு நான் அங்கே இருந்த நாட்களில், மழை விடாத அந்தச் சரிவில் மண் மறுபடியும் இறங்குமோ என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் இன்னார் கீழே இறங்கட்டும், இன்னார் மேலே நிற்கட்டும் என்று ஓர் அதிகாரி சொல்ல வேண்டும்; இறங்குகிறவர் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வேறெதுவும் இல்லை என்று நம்ப வேண்டும். படைகள் பதவித் தரம் கடந்த காதலைக் கண்டு அஞ்சுவதன் காரணம் இந்த நம்பிக்கைதான்.

மற்ற நாடுகளிலும் இதே கவலையைக் காணலாம். அமெரிக்கத் தரைப்படையில் ஒருகாலத்தில், நேரடிக் கட்டளைத் தொடர்பு இல்லாவிட்டால், அதிகாரியும் சிப்பாயும் பழகுவதற்கு ஓரளவு இடமிருந்தது. 1999இல் அந்நாட்டின் பாதுகாப்புச் செயலாளர் வில்லியம் கோஹன் எல்லாப் படைகளுக்கும் பொதுவான விதியைக் கொண்டுவந்து அந்த இடத்தையும் அடைத்தார். அங்கே இக்குற்றத்துக்கு ஓர் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கி 2 வருடம் வரை சிறையில் இடவும் முடியும். எனினும் சிப்பாய்களாக இருந்தபோதே மணமுடித்த இருவரில் ஒருவர் பின்னர் அதிகாரியானால், அந்த மணத்தை அதே விதி குற்றமாகப் பார்ப்பதில்லை. பிரித்தானியப் படையிலோ, ஒருவருடைய நடத்தை படையின் செயற்றிறனைப் பாதித்ததா, அல்லது பாதிக்கக்கூடுமா என்று கேட்டே தீர்மானிக்கிறார்கள். இவை நம் நாட்டுச் சட்டங்கள் அல்ல. ஆயினும், தர வேறுபாடு அப்படியே குற்றமாவதில்லை என்பதையும், ஒருவர் மற்றவர்மீது அதிகாரம் செலுத்தும் நிலையில் உறவு தொடங்கி, அந்நிலையிலேயே மறைவாக நீடிப்பதுதான் சிக்கல் என்பதையும் இவற்றிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இப்போது இரகசியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் என் கருத்து மிக உறுதியானது. இரகசியத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து சுமப்பதாக நினைக்கிறீர்கள். கடிதத்தை வாசித்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் அதிகாரிகளின் மெஸ்ஸில் சாப்பிடுகிறார். அங்கே அவருடைய முகத்தை யாரும் ஆராய்வதில்லை. நீங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு ஒரே விடுதியில் படுத்தெழும்புகிறீர்கள். உங்கள் தொலைபேசி அதிர்ந்தால் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி தலையைத் திருப்புகிறாள். அதற்கும் மேலே நீங்கள் தமிழ்ப் பெண். 2012இல் கிளிநொச்சியில் தமிழ் யுவதிகள் ஏறத்தாழ நூறு பேரை இராணுவத்தில் சேர்த்தபோது அது நாடே கவனித்த செய்தியாயிற்று. தமிழ்ப் பிள்ளைகள் இந்தச் சீருடையில் அவ்வளவு அரிது. அரிதாக இருப்பவரின் மீது எல்லோருடைய கண்ணும் விழும். விடயம் வெளியே வந்தால் அவரைப் பற்றி ஓர் அதிகாரி தவறினார் என்பார்கள். உங்களைப் பற்றியோ, தோட்டத்துப் பிள்ளைகளை எடுத்தாலே இப்படித்தான் என்று சொல்வதற்கும் நான்கு பேர் இருப்பார்கள். மலையகத்தில் துரைமாருக்குப் பிறந்து, பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளை நம் பாட்டிமார் அறிவார்கள். உங்கள் கெப்டனை அந்தத் துரைமாரோடு ஒப்பிட நான் வரவில்லை. நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து அவர் பண்பானவர் என்றே தெரிகிறது. ஆயினும் பண்பானவரின் இரகசியமும் கீழே நிற்பவரின் தலையில்தான் அதிகம் இறங்குகிறது.

அவர் மேஜராகும் வரை காத்திருக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர் மேஜரானால் உங்கள் இருவருக்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் கூடும். இப்போது சொல்ல முடியாத ஒன்றை அப்போது சொல்வது எப்படி எளிதாகும் என்பதை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இரகசிய விவாகப் பதிவுக்கு எக்காரணம் கொண்டும் உடன்படாதீர்கள். விவாக அறிவித்தலைப் பதிவாளர் பதிந்துகொண்டு, பிறர் காணும்படி அலுவலகத்தில் ஒட்டி வைப்பதும், அதன்பின் 12 நாட்கள் கழித்தே சான்றிதழ் வழங்குவதும், அது ஒரு பகிரங்கமான செயல் என்பதால்தான். விசேட அனுமதிப் பத்திரம் பெற்று அந்த நாட்களைத் தவிர்த்தாலும் பதிவு பதிவுதான். அதிகாரி ஒருவர் மணம் செய்வதற்கு முன் மேலிடத்தின் அனுமதியைக் கோருவது படை நடைமுறை. அதை மீறியதற்காக அவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டிவரும். நீங்களோ அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படிவத்திலும் திருமணமாகாதவர் என்று எழுதி உங்கள் கையாலேயே பொய்க்குக் கையொப்பமிடுவீர்கள். இப்போது ஒழுங்கு விடயமாக மட்டும் இருப்பது அன்றைக்கு மோசடியாக மாறும்.

வேலையை விட வேண்டுமா என்றால், வேண்டாம். உங்கள் சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பும் சீட்டுக் காசும் நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தவிர, காதலுக்கு வழி விடுவதற்காகத் தொழிலைத் துறப்பவர் எப்போதும் பெண்ணாகவும் கீழ்த் தரத்தினராகவும் இருப்பதை நான் நியாயமாகக் கருதவில்லை. மனம் உடைந்து, விடுமுறைக்கு வந்த இடத்திலேயே நின்றுவிடலாம் என்ற எண்ணமும் ஒருநாள் வரலாம். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். முறையாக விலகாமல் முகாமுக்குத் திரும்பாதிருப்பது குற்றம். அப்படிப் போனவர்கள் சட்டபூர்வமாக விலகிக்கொள்வதற்காக 2024 ஏப்ரலிலும் பொதுமன்னிப்புக் காலம் ஒன்றை அறிவிக்க வேண்டியிருந்தது. மன்னிப்புக்குக் காத்திருக்கும் வாழ்க்கை உங்களுக்கு வேண்டாம்.

செய்ய வேண்டியது அவரோடு ஒரு பேச்சு. அலுவலகத்தில் வேண்டாம், வட்ஸ்அப்பிலும் வேண்டாம். இருவருக்கும் ஓய்வுள்ள ஒரு நாளில், சாதாரண உடையில், பண்டாரவளையிலோ பதுளையிலோ நாலு பேர் நடமாடும் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசுங்கள். அங்கே நீங்கள் லான்ஸ் கோப்ரல் அல்ல. அவரை சேர் என்று அழைக்காமல் பேசிப் பாருங்கள். அப்படிப் பேச நா வராவிட்டால், அதுவும் நீங்கள் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றே. கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: "இனிமேல் என் விடுமுறையிலும் என்னைப் பற்றிய மதிப்பீட்டிலும் யார் கையொப்பமிடுவார்?"

அந்தக் கேள்விக்கு அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். தன் மேலதிகாரியிடம் போய், இந்தப் பெண்ணை மணக்க விரும்புகிறேன், ஆகவே என்னையோ அவரையோ ஒருவருக்கொருவர் கீழே இல்லாதபடி வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று எழுத்தில் கேட்பதே அவர் செய்யக்கூடிய நேர்மையான செயல். அதை அவர்தான் தொடங்க வேண்டும். அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ பொறுப்பும் அவர் கையில்தான். முதலில் இடமாற்றம், அடுத்து திருமணத்துக்கான அனுமதி, அதன் பிறகு பெற்றோர் முன்னிலையில் பதிவு என்ற வரிசையில் போனால், இருவரும் சீருடையோடு வாழ்வதற்கு வழியுண்டு. இதனால் நட்டமே வராது என்று நான் வாக்குத் தர மாட்டேன். அவர் கண்டிக்கப்படலாம், பதவி உயர்வு தள்ளிப்போகலாம், உங்களிடமும் விளக்கம் கேட்கலாம். ஆனால் தாங்களாக முன்வந்து சொன்னவர்கள் எதிர்கொள்ளும் கேள்விகள் வேறு. யாரோ ஒருவரின் மொட்டைக் கடிதத்தால் பிடிபட்டவர்கள் எதிர்கொள்ளும் கேள்விகள் வேறு. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, மொட்டைக் கடிதம் வருவதற்கு அதிக காலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் யோசிக்க அவகாசம் கேட்டால் கொடுங்கள். ஒரு மாதம், இரண்டு மாதம். ஆனால் அந்த அவகாசத்திலும் உங்கள் படிவங்கள் வேறோர் அதிகாரியிடம் போகட்டும். அவர் சிரித்து மழுப்பினால், அல்லது இடமாற்றத்தை நீங்கள் மட்டும் கேட்டுப் போங்கள் என்றால், என் அத்தை மகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

விரும்பத்தகாத ஒன்றையும் சொல்லி வைக்கிறேன். உங்கள் கடிதத்தில் வற்புறுத்தலின் சாயல் இல்லை. ஆயினும் நீங்கள் விலக நினைக்கும் நாளில் அவருடைய குரல் மாறினால், விடுமுறை மறுக்கப்பட்டால், பழைய செய்திகளைக் காட்டுவேன் என்ற பேச்சு வந்தால், அப்போது அது காதல் விவகாரமாக இராது. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியிருக்கிறது. அதிகாரத்திலுள்ள ஒருவர் வேலைத்தலத்தில் விருப்பமற்ற பாலியல் அணுகுமுறையைச் சொல்லாலோ செயலாலோ மேற்கொள்வதும் அதில் அடங்கும். முன்பு விரும்பினீர்கள் என்பதால் பின்பு மறுக்கும் உரிமை போய்விடாது. மகளிர் உதவிச் சேவையின் இலக்கம் 1938. அதை இன்றைக்கே மனதில் எழுதிவையுங்கள், தேவைப்படாமலே போகட்டும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அதுவும் கெப்டனோடு பேசுவதற்கு முன்பே. சம்மதம் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய விடயத்தில் உங்கள் பக்கத்தில் நிற்கும் ஓர் ஆளாவது முகாமுக்கு வெளியே இருக்க வேண்டும். சிங்கள மாப்பிள்ளை என்றதும் அவர் அதிர்ந்து போவார் என்று பயப்படுகிறீர்கள். அதிரலாம். ஆனால் மலையில் முப்பது வருடம் கொழுந்தெடுத்த ஒரு பெண்ணுக்கு, மேலே இருப்பவரின் பேனா எப்படி வேலை செய்யும் என்பதை நானோ நீங்களோ விளக்க வேண்டியதில்லை. இனத்தைப் பற்றிய கேள்வியை அவர் முதலில் கேட்டாலும், அடுத்ததாக, அந்தப் பையன் வீட்டுக்கு வந்து பேசுவானா என்றுதான் கேட்பார்.

அந்த நான்கு பிரதிகளையும் என்ன செய்வது என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். கிழிக்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். ஆனால் முகாமிலுள்ள பெட்டியில் வைத்திருக்காதீர்கள். அடுத்த விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அடையாள அட்டைப் பிரதிகளோடும் பிறப்புப் பத்திரத்தோடும் வைத்துவிடுங்கள். இனி நட்சத்திரம் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அது அரச ஆவணம். அடுத்த விண்ணப்பத்தில் அவருடைய கையொப்பமே இருக்கக் கூடாது.